பொதிகள் பெருகிய அந்த ஆறு வாரங்கள்

2020 மார்ச் 20 அன்று நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் பொதி விநியோகம் செய்யும் எங்கள் சிறு நிறுவனத்தில் என்னோடு பதினொரு பேர் இருந்தோம். ஊரடங்கு தளர்ந்த பின்னர், கடைக்குப் போய் வாங்கிப் பழகியவர்கள் முகநூலில் பார்த்து வாங்கத் தொடங்கினார்கள். வீட்டிலிருந்தபடியே உடுப்பும் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் விற்கத் தொடங்கியவர்களும் பெருகினார்கள். நாளொன்றுக்கு 150 அளவில் இருந்த பொதிகள் ஆறு வாரத்துக்குள் 450ஐத் தாண்டின. விநியோகத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். வாடிக்கையாளர்கள் கூடுகிறார்கள் என்ற மகிழ்ச்சியில் முதல் மூன்று வாரங்களைக் கைநழுவ விட்டேன் என்பதை இப்போதும் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இடர்ப்பாடு வாகனத்தில் இருக்கும் என்றே எல்லோரும் நினைத்தோம். அது ஊர்வாரியாகப் பொதி பிரிக்கும் மேசையில் இருந்தது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடிவரும் லொறி விடிய ஐந்து மணிக்கு எங்கள் களஞ்சியத்துக்கு வந்து சேரும். பொதிகளில் இருக்கும் முகவரிகளோ "பிள்ளையார் கோவிலடி", "வாசிகசாலைக்குப் பின் ஒழுங்கை" என்ற வகையைச் சேர்ந்தவை. பிள்ளையார் கோவில் இல்லாத ஊர் குடாநாட்டில் எங்கே இருக்கிறது? எங்களோடு இருந்த மூத்த அண்ணை ஒருவர் பொதியைக் கையில் எடுத்து, முகவரியை ஒருமுறை பார்த்து, பெறுபவரின் பெயரையும் பார்த்துவிட்டு, எந்தக் குவியலுக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. 150 பொதி வந்த காலத்தில் ஏழு மணிக்குப் பிரித்து முடிந்தது. 450 வந்தபோது பத்தரை ஆனது.

பத்தரைக்குப் புறப்பட்டால் வீட்டில் ஆள் இருக்காது. வேலைக்குப் போனவர் காசையும் வைத்துவிட்டுப் போயிருக்கமாட்டார். பொருளைக் கையில் பெற்ற பின்னரே காசு கொடுக்கும் முறை என்பதால், அந்தப் பொதி மாலையில் திரும்பி வந்து, மறுநாள் விடிய அதே மேசையில் மீண்டும் அதே அண்ணையின் கைக்குப் போகும். இவ்வாறு இன்று தவறிய ஒவ்வொரு பொதியும் நாளைய வேலையைக் கூட்டியது. நாளைய புறப்பாடு இன்னும் பிந்தியது.

1961இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிற்றில் நிறுவிய ஒரு விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஓரிடத்தில் சராசரியாகக் கிடக்கும் பொருட்களின் தொகை, நாளொன்றுக்கு வருபவற்றை, ஒவ்வொன்றும் அங்கே தங்கும் நாட்களால் பெருக்கினால் வருவதாகும். 150 பொதி இரண்டு நாள் தங்கினால் 300. எங்கள் அறை அதைத் தாங்கியது. 450 பொதி நான்கு நாள் தங்கினால் 1800. வரவு மும்மடங்கானதோடு தங்கும் காலமும் கூடியபடியால்தான் வாசற்படி வரை பொதிகள் அடுக்கப்பட்டன.

அச்சுவேலியில் ஒரு அக்காவுக்குப் போகவேண்டிய கூறைச்சேலை, மகளின் கலியாணம் முடிந்து இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தது. மன்னிப்புக் கேட்க நானே போனேன். அவர் ஏசவில்லை. பொதியைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு, "இனி என்ன தம்பி, இரவல் சீலையோட தாலி ஏறிட்டுது" என்றார்.

அன்று மாலை முதலாளியிடம் போய், இரண்டு வாரத்துக்குப் புதிய விற்பனையாளர் எவரையும் சேர்க்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வருகிற இலட்சுமியைக் காலால் உதைப்பதா என்று அவர் வருந்தினார். வாக்குக் கொடுத்தவர்களுக்கே பொருள் சேராதபோது புதிதாக வாக்குக் கொடுப்பது நேர்மையல்ல என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன், ஈற்றில் இசைந்தார்.

அந்த இரண்டு வாரமும் எங்கள் அலுவலகத் தங்கை ஒருவர் அண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பதிவேட்டோடு அமர்ந்தார். அண்ணை சொல்லும் ஒவ்வொரு கோவிலடியும் மதவடியும் ஒழுங்கையும், அரச நிர்வாகத்தின் மிகச் சிறிய பிரிவான கிராம அலுவலர் பிரிவுகளில் எதில் அடங்கும் என்று எழுதிவைத்தார். யாழ் மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் "ஜே" என்று தொடங்கும் இலக்கம் உண்டு, அது பெரும்பாலான வீட்டாருக்கும் தெரிந்திருக்கும். விற்பனையாளர்களிடம் அந்த இலக்கத்தையும் கேட்டுப் பொதியில் எழுதச் சொன்னோம். தன் வேலைக்கு ஆபத்து வருமோ என்று அண்ணை முதல் இரண்டு நாளும் முகங்கொடுத்துப் பேசவில்லை. நான் அதை முன்பே அவரோடு தனியே இருந்து பேசியிருக்க வேண்டும். பின்னர், புதிதாக வருபவர்களைப் பழக்கும் பொறுப்பு அவருக்கே என்று சொன்னதும் அவர் குரலில் பழைய உரம் திரும்பியது.

புதிய பொடியன்கள் ஆறு பேரைச் சேர்த்தோம். முதல் பத்து நாள் விநியோகம் கூடவில்லை, குறைந்தது. வழி காட்டப் பழையவர்கள் அவர்களோடு போகவேண்டியிருந்தது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் உரிய பொதிகளை, அங்கே படகு புறப்படும் குறிகட்டுவான் துறைக்குக் கிழமையில் இரண்டு நாள் மட்டும் கொண்டுபோவதென முடிவுசெய்து, அதை வாங்குபவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தோம். நாள் தெரிந்த பின் ஒருவரும் முறையிடவில்லை.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் ஏழே முக்காலுக்குக் கடைசி மோட்டார் சைக்கிள் படலையைத் தாண்டியது. அண்ணை விளக்குமாறை எடுத்துக் களஞ்சியத்தின் நிலத்தைக் கூட்டினார். சீமெந்து நிலம் சுவரிலிருந்து சுவர் வரை தெரிந்தது. அதன் பிறகுதான் புதிய விற்பனையாளர்களின் பட்டியலைத் திறந்தேன்; ஒரு கிழமைக்கு ஐந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று அதன் தலைப்பிலேயே எழுதினேன்.