ஒரு வாக்கியமும் ஒரு ரேடியோ பட்டியலும்

மார்ச் 10, 2026

2003-இல் இதே நாள் இரவு, லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் டிக்ஸி சிக்ஸ் கச்சேரி. அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட ‘கன்ட்ரி’ இசையைப் பாடும் மூன்று பெண்களின் குழு அது. ஈராக் மீது குண்டு விழப் பத்து நாள்தான் இருந்தது. வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பாத இளம் சிப்பாயைப் பற்றிய ‘டிராவலின் சோல்ஜர்’ பாட்டைத் தொடங்கும் முன், பாடகி நடாலி மெய்ன்ஸ் பேசினார்: நாங்கள் உங்கள் பக்கம்தான், இந்தப் போரும் வன்முறையும் எங்களுக்கு வேண்டாம், அமெரிக்க அதிபர் (ஜார்ஜ் புஷ்) டெக்சாஸ்காரர் என்பது எங்களுக்கு வெட்கம். மெய்ன்ஸும் டெக்சாஸ்காரர்தான், லபக் ஊரில் பிறந்தவர். ஆறு வாரம் முன்புதான், ஜனவரி 26 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் மைதானத்தில் இதே மூவர் தேசிய கீதம் பாடியிருந்தார்கள்.

மார்ச் 12

கார்டியன் நாளிதழின் கச்சேரி விமர்சனத்தில் அந்தப் பேச்சின் கடைசிப் பகுதி மட்டும் வந்தது. போர் வேண்டாம் என்ற பகுதி காணோம். அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் அந்தக் குறுகிய வடிவம்தான். கலைஞர்களின் அரசியல் பேச்சை எடைபோட உட்காருபவர்கள் முதலில் முழு வாக்கியத்தையும் தேடிப் படிக்க வேண்டும். பேசியது எந்தப் பாட்டுக்கு முன்னால், எந்த ஊரில் என்றும் பார்க்க வேண்டும். இங்கே அந்தப் பாட்டை விட்டுவிட்டால் பேச்சின் பாதி அர்த்தம் போய்விடுகிறது.

மார்ச் 15

அந்த வாரங்களில் ‘டிராவலின் சோல்ஜர்’ கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம் தொட்டது. சில வாரத்தில் பட்டியலிலேயே இல்லாமல் போனது. இவ்வளவு வேகம் எப்படி? பில்போர்ட் என்ற அமெரிக்க இசை இதழின் கன்ட்ரி பாடல் பட்டியலில் அப்போது சிடி விற்பனை கணக்கில் வராது. கண்காணிப்பில் உள்ள ரேடியோ நிலையங்கள் எத்தனை முறை ஒலிபரப்பின என்பது மட்டும்தான் கணக்கு. நிலையங்கள் பாட்டை எடுத்துவிட்டால், கடையில் எவ்வளவு விற்றாலும் பாட்டு சரியும்.

நிலையங்கள் ஏன் எடுத்தன? கன்ட்ரி நிலையத்தின் சுழற்சியில் இருப்பது கொஞ்சம் பாட்டுகள்தான். ஒரு பாட்டு வந்ததும் நேயர்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பினால் விளம்பர வருமானம் அடிவாங்கும். ஆகவே காலையில் கோபமான நேயர்களின் போன் மணி ஓயாமல் அடித்தால் நிகழ்ச்சி இயக்குநர் முதலில் அந்தப் பாட்டைத்தான் எடுப்பார். அதில் அவருக்கு நஷ்டமில்லை, வேறு பாட்டு வரிசையில் காத்திருக்கிறது. லூசியானாவில் ஒரு நிலையம் ரசிகர்களை அழைத்து, 33,000 பவுண்டு எடையுள்ள டிராக்டரை ஏற்றி சிடிகளை நொறுக்கியது. அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் மனம் கசக்கிறது. மண்ணில் கிடப்பவை ஒரு சிப்பாய்க்காக அழும் பாட்டின் துண்டுகள்.

மார்ச் 17

நிலையங்கள் பெரிய கைகளில் குவிந்ததற்கு 1996 தொலைத்தொடர்புச் சட்டம் காரணம். அதுவரை நாடு முழுக்க ஒரு நிறுவனத்துக்கு 40 நிலையம்தான். அந்த வரம்பு நீங்கியதும் கிளியர் சேனல் என்ற ரேடியோ நிறுவனம் 1,200-க்கு மேல் சேர்த்தது. டிக்ஸி சிக்ஸ் பாட்டுகளுக்கு விழுந்த தடைக்கும் கிளியர் சேனல்தான் காரணம் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. சமூகவியலாளர் கேப்ரியல் ராஸ்மன் ஒலிபரப்புத் தரவுகளை வைத்து ஆராய்ந்தார்: கிளியர் சேனல் நிலையங்கள் மற்றவற்றைவிடக் கடுமையாக நடந்துகொள்ளவில்லை, அழுத்தம் பெரும்பாலும் உள்ளூர் நேயர்களிடமிருந்தே வந்தது. விதிவிலக்கு க்யூமுலஸ் என்ற இன்னொரு ரேடியோ நிறுவனம். அங்கே தலைமையகமே தன் கன்ட்ரி நிலையங்களுக்கு 30 நாள் தடை போட்டது.

2003 ஜூலையில் ஜான் மெக்கெய்ன் தலைமையிலான செனட் வணிகக் குழுவின் முன் க்யூமுலஸ் தலைவர் லூயிஸ் டிக்கி சாட்சி சொன்னபோது ஒரு முக்கியமான விஷயம் வெளிவந்தது. அதே நிறுவனத்தின் பாப் நிலையங்கள் டிக்ஸி சிக்ஸின் பாட்டைத் தொடர்ந்து ஒலிபரப்பின; அங்கே நேயர்கள் கூச்சல் போடவில்லையாம். நாட்டுப்பற்றுதான் காரணம் என்றால் பாப் நிலையத்தில் மட்டும் அது எங்கே போனது?

மார்ச் 21

மெய்ன்ஸ் நான்கே நாளில், மார்ச் 14 அன்று, மன்னிப்புக் கேட்டார். அதிபர் பதவிக்கு மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டதற்கு மட்டும். போரைப் பற்றிச் சொன்னதற்கு அல்ல. ஜூலையில் டல்லாஸில் பாடச் சென்றபோது கொலை மிரட்டல் வந்தது. போலீஸ் காவலோடு போய்ப் பாடினார். 2006-இல் அந்த மன்னிப்பையும் திரும்பப் பெற்றார்.

அதே ஆண்டு வந்த ‘டேக்கிங் தி லாங் வே’ ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம். 2007 பிப்ரவரியில் அதற்கு ஐந்து கிராமி விருதுகள், ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட. ஆண்டின் சிறந்த பாட்டு விருதை ‘நாட் ரெடி டு மேக் நைஸ்’ வாங்கியது. ஒலிபரப்பை மட்டும் எண்ணிய அந்தக் கன்ட்ரி பட்டியலில் அதே பாட்டு 36-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.