மழைக்காலத்தில் ஆன் ஆகாத டெஸ்க்டாப்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா பக்கம் அதிகம் வரும் பழுது இது: ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். முதல் சந்தேகம் ரேம் மேல்தான், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டை. ஈரக்காற்றில் அதன் தொடுமுனைகளில் படலம் படிகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கரையோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ரேமைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதவே கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டிப் பாருங்கள். ரேம் செருக நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் சரி.

ஃபேனே சுற்றவில்லையா? கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்-ஐப் பாருங்கள். பிளக் சொருகியிருக்கும்போது 24 முனை கனெக்டரின் ஊதா ஒயரில் எப்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். இயங்கும்போது மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட். ஃபேன் சுற்றுவதை மட்டும் வைத்து எஸ்.எம்.பி.எஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

கம்ப்யூட்டரின் கடிகாரம் பழைய தேதிக்குப் போனால் மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரியை மாற்றுங்கள். மாற்றியபின் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) சாட்டா மோடு, அதாவது டிஸ்க் இணைப்பு முறை, பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள். அது மாறினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும்.