முகமூடிக்குள் யார்?

மாங்குளத்தில் அக்கா வீட்டு விறாந்தையில் மருமகன் பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி மார்வெல் கொமிக்ஸ் வில்லன் டொக்டர் டூமின் முகமூடி செய்துகொண்டிருந்தான். கேற்றுக்கு அடித்து மிஞ்சின வெள்ளிப் பெயின்ற். கண்ணுக்கு இரண்டு சதுர ஓட்டை, வாய்க்குக் கம்பி மாதிரி நாலு கோடு. "மாமா, உள்ளுக்குள்ள இருக்கிறது அயன் மேன்தானே?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. 2008இல் அயன் மேனாக, அதாவது டோனி ஸ்டார்க்காக வந்த நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியர், 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் செத்து எங்களை அழவைத்தவர். 2024 யூலையில் சான் டியாகோ கொமிக்கொன் என்ற ரசிகர் விழா மேடையில், பச்சை அங்கியோடு நின்று டூமின் முகமூடியைக் கழற்றினார். 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தில் டூம் அவர்தானாம். சனம் ஆர்ப்பரித்தது. எனக்கு நெஞ்சு சுருங்கியது.

டூம் 1962இல் ஸ்டான் லீ, ஜாக் கேர்பி கைகளில் பிறந்தவன். சிதைந்த முகத்தை இரும்புக்குள் மறைத்துக்கொண்டவன். அந்த முகம் தெரியாததில்தானே அவன் பயங்கரமே இருக்கிறது! உலகமே அறிந்த ஒரு முகத்தை அதற்குள் வைத்தால் பாதிப் பயம் போய்விடும். டோனி ஸ்டார்க்கின் சாவுக்கும் பாரம் குறையும். டவுனி நன்றாக நடிப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புது முகம் ஒன்றை நம்பியிருக்கலாம்.

மே 1 வெளியீடு என்றிருந்த அந்தப் படத்தை 2026 டிசம்பர் 18க்குத் தள்ளினார்கள். சரி, ஆறுதலாக எடுக்கட்டும்.

"இல்லையடா, இவன் வேற ஆள். லத்வேரியா நாட்டு ராசா" என்றேன். மருமகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, நெற்றியில் ஒரு கிரீடம் கீறத் தொடங்கினான்.