தென்னங்கீற்று நிழல்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் ஒரு மொட்டை மாடி. மதியம் 3 மணி.

6 சோலார் பேனல். அதில் ஒன்றின் மேல் மட்டும் தென்னங்கீற்றின் நிழல்.

கையகல நிழல்தானே என்று விடக்கூடாது. பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. நிழல் விழுந்த பகுதியை பைபாஸ் டயோடு (மின்சாரத்தை மாற்று வழியில் திருப்பும் சிறு பாகம்) ஒதுக்கிவிடும். சாதாரணமாக அந்தப் பேனல் தரும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே நஷ்டமாகும். டயோடு வேலை செய்யாவிட்டால் நிழல் விழுந்த செல் (பேனலுக்குள் மின்சாரம் தரும் சிறு கட்டம்) சூடேறி, வரிசை முழுவதையும் கீழே இழுக்கும்.

2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். நல்ல நிபந்தனை, செல் ஆலைகளுக்கு வேலை வரும்.

ஆனால் மானியம், மாட்டிய கிலோவாட்டைத்தான் பார்க்கிறது. கிடைக்கிற யூனிட்டை அல்ல.

நிழலைக் கணக்குப் போட்டு இடம் குறிக்கவும், மின்கசிவையும் இடியையும் மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியை நம் பாறை மண்ணில் ஆழமாகப் போட்டு அதன் மின்தடையை ஓம் கணக்கில் அளந்து பார்க்கவும் உள்ளூரில் ஆள் வேண்டும். பேனல் பக்கத்து டிசி, வீட்டுப் பக்கத்து ஏசி, இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனிக் குழி. கிருஷ்ணகிரி, தருமபுரி ஐடிஐ பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியைத்தான் அரசு முதலில் கொடுக்க வேண்டும்.

அந்தக் கீற்றை இன்றைக்கே வெட்டிவிடலாம்.