35 ஆண்டில் 50 செ.மீ. ஆகுமா? இயற்கைக் காட்டில் விட்டக் கணக்கு

பிரேசிலின் அமேசானில் இயந்திரம் வைத்து மரம் எடுக்கும் திட்டங்களுக்கான விதி 2009-ம் ஆண்டில் கொனாமா (அந்நாட்டின் தேசியச் சுற்றுச்சூழல் மன்றம்) போட்ட தீர்மானம் 406-ல் இருக்கிறது. இனத்துக்கெனத் தனி வரம்பு இல்லையென்றால் 50 செ.மீ. விட்டத்துக்குக் கீழே கைவைக்கக் கூடாது. வெட்டிய இடத்துக்கு 25 முதல் 35 ஆண்டு கழித்துத்தான் திரும்பலாம். ஹெக்டேருக்கு அதிகபட்சம் 30 கன மீட்டர். இன்று 35 செ.மீ. இருக்கும் மரம் அடுத்த வெட்டுக்குள் 50-ஐத் தொடுமா என்பதற்கு விதியில் பதில் இல்லை. அதற்குத்தான் விட்ட வளர்ச்சி மாடல், அதாவது மரம் ஆண்டுக்கு எவ்வளவு பருக்கும் என்று கணிக்கும் சமன்பாடு.

மாடலுக்கு முன்னால் டேப். அதே மரங்களைச் சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அளந்த தரவுதான் மாடலுக்கு அடிப்படை. 1.30 மீட்டர் உயரத்தில், சரிவென்றால் மேட்டுப் பக்கம் நின்று அளந்து, அளந்த கோட்டிலேயே பெயிண்ட் அடிக்க வேண்டும். எண் தகட்டின் ஆணி அந்தக் கோட்டுக்கு அருகில் வரக் கூடாது. காயம் புடைத்து, இல்லாத வளர்ச்சியைக் காட்டும். பலகை வேர் (அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் வேர்) இருந்தால் அது முடியும் இடத்துக்கு 30 முதல் 50 செ.மீ. மேலே அளப்பது வழக்கம். பலகை வேரும் மேலேறிக்கொண்டே போகும். அது கோட்டை நெருங்கும் முறை, பழைய கோட்டில் ஒன்று, புதிய கோட்டில் ஒன்று என இரண்டு அளவு எடுங்கள். ஒன்றோடு விட்டால் அடுத்த பட்டியலில் மரம் மெலிந்து நிற்கும்.

ஆண்டுக்கு 3 மி.மீ. பருக்கும் மரம் 5 ஆண்டில் 15 மி.மீ. தான் பருக்கும். டேப்புக்கு அடியில் சிக்கிய கொடியும் மழையில் ஊறிய பட்டையும் அதில் சில மி.மீ.-ஐப் பொய்யாக்கிவிடும். ஒவ்வொரு முறையும் அதே மாதத்தில் அளக்கச் சொல்வது இதனால்தான். சுற்றளவை எடுத்து விட்டக் கட்டத்தில் எழுதிவிடுவது ஓயாத தொல்லை. ஓர் எண் திடீரென்று 3.14 மடங்கு தாவினால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

எதிர்மறை வளர்ச்சியைக் கண்டதும் அழிக்கிறார்களே, அங்கேதான் சராசரி கெடுகிறது. அளவுப் பிழை இரண்டு பக்கமும் விழும். குறைத்துக் காட்டியதை மட்டும் நீக்கினால் மிச்சம் நிற்பது ஊதிய எண். அளவுப் பிழையால் வரவே முடியாத எண்களை மட்டும் எடுத்துவிட்டு, சின்ன எதிர்மறைகளை அப்படியே வைத்திருங்கள்.

சராசரி சரியாகவே வந்தாலும் அது திட்டத்துக்கு உதவாது. 40 செ.மீ. மரம் இரண்டு, ஒன்று ஆண்டுக்கு 0.2 செ.மீ., மற்றது 0.8. சராசரி 0.5, 10 செ.மீ. கடக்க 20 ஆண்டு என்று கணக்கு வரும். உண்மையில் ஒன்று 12.5 ஆண்டில் போய்ச் சேரும், மற்றதற்கு 50 ஆண்டு பிடிக்கும். 20-ல் யாரும் வருவதில்லை. நேற்று வேகமாக வளர்ந்த மரம் பெரும்பாலும் நாளையும் வேகமாக வளரும். ஆகவே மரவாரியான வேறுபாட்டை மாடலில் தனிக் கூறாக வைக்க வேண்டும்.

உள்ளீடுகளில் விட்டம் கட்டாயம். அடுத்து, தன்னைவிடப் பருத்த மரங்களின் அடிப்பரப்பு (அளக்கும் உயரத்தில் தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பின் கூட்டல்), ஹெக்டேருக்கு. மூன்றாவது, மரத்தின் உச்சிக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது என்பதற்கு வனவியலாளர் டாக்கின்ஸ் வகுத்த 1 முதல் 5 வரையான மதிப்பெண். தரையில் நின்று கண்ணால் பார்த்துப் போடுவதுதான், ஆனால் செலவுக்கு இவ்வளவு பலன் தருவது வேறில்லை என்பேன். வளர்ச்சியின் இயற்கை மடக்கையை மாடலில் பொருத்தினால், மடக்கையிலிருந்து வளர்ச்சிக்குத் திரும்பி வரும்போது எச்சத்தின் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசத்தின்) பரவற்படியில் பாதியை மடக்கை மதிப்போடு கூட்டுங்கள். மறந்தால் கணிப்பு குறைந்து வரும்.

மாடலுக்காக இனங்களைக் குழுவாகச் சேர்க்கும்போது ஊர்ப்பெயரை நம்ப வேண்டாம். ‘தவாரி’ என்ற ஒரே வணிகப் பெயருக்குள் கூராத்தாரி பேரினத்தின் பல இனங்கள் அடங்கும். வளர்ச்சி வேகமும் எட்டக்கூடிய உச்ச விட்டமும் ஒத்தவற்றைச் சேர்ப்பதே மேல்.

வெட்டு முடிந்த கையோடு எடுத்த தரவை 35 ஆண்டுக்கு நீட்டுவது பெரிய பிழை. பிரேசிலின் தபஜோஸ் தேசியக் காட்டில் 1979-ல் வெட்டிய பகுதியில், வெளிச்சம் கிடைத்ததால் கூடிய வளர்ச்சி வேகம் ஏறத்தாழ 3 ஆண்டே தாங்கியது. சாவையும் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு 1.5 சதவீதம் என்று வைத்தால்கூட, 100 மரத்தில் 35 ஆண்டு கழித்து நிற்பது 59.

அமேசான் நதி ஆண்டுதோறும் ஏறி மூழ்கடிக்கும் வார்சியா காடுகளில் ஒரு குறுக்குவழி உண்டு. வெள்ளக் காலத்தில் வளர்ச்சி நின்றுபோவதால் ஆண்டு வளையம் விழுகிறது. வயதையும் விட்டத்தையும் மரத்துண்டிலேயே படிக்கலாம். பிரேசிலின் மாமிராவா காப்பகத்தில் அப்படிக் கணக்கிட்டபோது, இனத்துக்கு இனம் வெட்டு விட்டம் 47 முதல் 70 செ.மீ. வரையிலும், சுழற்சி 3 முதல் 32 ஆண்டு வரையிலும் வந்தது. லேசான மரம் சீக்கிரம், கனத்த மரம் தாமதம். வெள்ளம் ஏறாத மேட்டுக் காட்டில் எல்லா இனத்திலும் வளையம் தெளிவாக விழுவதில்லை. அங்கே டேப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த 5 ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.