கருமலைக் கணவாயில் மாமாவோடு

செப்டம்பர் 22, மாண்டகு

காலை விமானத்தில் டர்பனிலிருந்து கேப் டவுன் வந்து, அங்கே வாடகைக்குக் கார் எடுத்தோம். இவர் ஓட்டினார். மாமா முன் சீட்டில், நான் பின்னால் புளிச்சாத டப்பாவோடு. தென்னாப்பிரிக்காவில் சுற்றுலாச் சாலைகளுக்குப் பழுப்பு நிறப் பலகை. அதைக் கண்டால் வேகத்தைக் குறைக்கலாம், பார்க்க ஏதோ இருக்கிறது.

ஆஷ்டன் தாண்டியதும் கோக்மான்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்கு. அங்கே பாறையைக் குடைந்து ஒரு சின்னக் குகைப்பாதை. யார் வெட்டியது என்று மாமா கேட்டார். "தாமஸ் பெயின்னு ஒரு ரோடு இன்ஜினியர், மாமா. 1877-ல."

"அவரு போடச் சொன்னவரு. வெட்டுனது யாருன்னு கேட்டேன் கண்ணு."

எனக்குப் பதில் தெரியவில்லை. மாமா டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். கேட்காமல் இருப்பாரா?

செப்டம்பர் 23, ஔட்ஸ்ஹூர்ன்

ஆர் 62 சாலை முழுக்க இன்று. பாரிடேல், லேடிஸ்மித், காலிட்ஸ்டார்ப். அழகுதான். வேலிக்குப் பின்னால் நெருப்புக்கோழிகள். நல்ல வெயில். சீக்கிரம் தூங்க வேண்டும், நாளைக்குத்தான் மலை.

செப்டம்பர் 24, பிரின்ஸ் ஆல்பர்ட்

சுவார்ட்பெர்க் என்றால் கருமலை. ஆர் 328 சாலை காங்கோ குகைகளின் திருப்பத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும்போது தார் முடிந்து மண்சாலை ஆகிவிடுகிறது. உச்சி 1583 மீட்டர். காற்று கதவைத் திறக்க விடவில்லை. நான் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியெல்லாம் புரோட்டியாச் செடிகள்.

ஆனால் இந்தச் சாலையின் உயிர் வடக்குப் பக்க இறக்கத்தில்தான். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக மடிந்து இறங்க, ஒவ்வொன்றையும் ஒரு கற்சுவர் தாங்கி நிற்கிறது. சில இடங்களில் மூன்று ஆள் உயரம் இருக்கும். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, வெறும் கல். மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சுவரில் உள்ளங்கையை வைத்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"மூட்டு மேல மூட்டு வரலை பாரு. கீழே ரெண்டு கல்லு சேருற இடத்துல மேல ஒரு கல்லு குறுக்கே உக்காந்திருக்கு." அப்புறம் விரலால் ஒரு நீளக் கல்லைக் காட்டினார். அதன் முனை மட்டும்தான் வெளியே தெரிகிறது, உடம்பு முழுவதும் உள்ளே மண்ணுக்குள் போயிருக்கிறது. அதுதான் சுவரை மலையோடு கட்டிப் பிடிக்கிறதாம். சந்துகளில் சில்லுக்கல். சுவர் நேராக நிற்காமல் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. மழைத்தண்ணீர் சந்து வழியாக வடிந்துவிடுவதால், பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளாது.

இந்தத் தடவை நான் படித்துவிட்டு வந்திருந்தேன். 1881-ல் ஒரு ஒப்பந்தக்காரர் தொடங்கி, பணம் முடிந்து கைவிட்டார். அப்புறம் பெயின் வந்து, இருநூறுக்கும் மேற்பட்ட கைதிகளை வைத்து முடித்தார். 1888 ஜனவரியில் திறந்தார்கள். பெரிய பாறைகளைத் தீ மூட்டிச் சுடவைத்து, குளிர்ந்த தண்ணீரை ஊற்றிப் பிளந்தார்களாம். கைதிகள் தங்கிய கட்டடத்தின் இடிபாடு வழியிலேயே இருக்கிறது.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அவருடைய கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். கப்பல் பட்டியலில் எண், பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் இருக்கிறது. அந்த எண்ணை மாமா மனப்பாடமாகச் சொல்வார்.

"நமக்கு நம்பராவது இருக்கு," என்றார். கீழே விழுந்து கிடந்த ஒரு சில்லை எடுத்து, இரண்டு மூன்று சந்துகளில் வைத்துப் பார்த்து, பொருந்திய இடத்தில் கட்டை விரலால் அழுத்திவிட்டு வண்டியில் ஏறினார்.

அடுத்த வளைவில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. மாமா அந்த நேரத்தையும் சுவரோடுதான் கழித்தார்.

செப்டம்பர் 25, மறுபடி ஔட்ஸ்ஹூர்ன்

திரும்பும்போது மெய்ரிங்ஸ்பூர்ட் வழி. மலையைப் பிளந்து ஓடும் ஆற்றோடு சேர்ந்து போகிறது சாலை, 25 தடவை ஆற்றைக் கடக்கிறது. முன்பெல்லாம் வெள்ளம் வந்து சாலையையே அடித்துக்கொண்டு போகுமாம். அதனால்தான் மேலே அந்தக் கணவாய் தேவைப்பட்டது. ஒவ்வொரு கடவுக்கும் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். மாமா ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டே வந்தார்.

நாளை மாலை ஜார்ஜ் ஊரிலிருந்து விமானம். ராத்திரி சாப்பிடும்போது மாமா மெதுவாகக் கேட்டார்: "காலையில இன்னொரு தடவை அந்தச் சுவர்கிட்ட போயிட்டு வரலாமா? மேல்கல்லோட அகலத்தை அளக்காம வந்துட்டேன்."

இவர் கீழே போய், விடுதிக்காரரிடம் அளவு டேப் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறார். ஆறு மணிக்குக் கிளம்புகிறோம்.