பிள்ளைகள் இல்லாத நல்ல குடும்பம் தேவை

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்த எனக்குப் பதவி உயர்வுக் கடிதத்தோடு சேர்த்து கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றமும் வந்தது. அலுவலகம் ராஜகிரியவில். என் கணவருக்கு அதில் பெரிய பிரச்சினை இல்லை. கரண்டும் இன்டர்நெட்டும் இருக்கிற எந்த மூலையில் இருந்தும் கணக்குப் பார்ப்பார். அம்மாவும் எங்களோடு வருவதாக முடிவாயிற்று. மகள் நாலாம் வகுப்பு, மகன் அடுத்த வருஷம் முதலாம் வகுப்பு. குடும்பம் குட்டியோடு இருக்க ஒரு நல்ல இடம் வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொந்தக்காரர்களின் காதுபடச் சொன்னதும் ஃபோன் ஓயவில்லை. வெள்ளவத்தை மாமா எடுத்தார். "வெள்ளவத்தையை விட்டா வேற எங்க பிள்ளை மனுசர் இருக்கலாம்?" கொட்டாஞ்சேனைச் சித்தி எடுத்தா. "கோயில், சேர்ச், சந்தை எல்லாம் காலடியில. அங்க போய் ஏன் காசைக் கொட்டுறாய்?" அலுவலகத்துத் தோழி மாலபேயில் காற்று சுத்தம் என்றாள். வத்தளை மச்சான் காலையில் காரில் இருந்தபடியே எடுத்து, விசாலமான வீடுகள், அமைதி, நல்ல சனம் என்று வத்தளையின் பெருமைகளை ஆற அமரச் சொன்னார். பின்னால் ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. "இப்ப எங்க நிக்கிறியள் மச்சான்?" "பேலியகொட." வெகுநேரம் கதைத்து, வைக்கப் போகும்போது திரும்பக் கேட்டேன். அப்போதும் பேலியகொடதான்.

அவரவர் இருக்கிற இடம்தான் அவரவருக்குக் கொழும்பு. மற்றதெல்லாம் சனம் பஸ்ஸில் கடந்து போகிற ஊர்கள். கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்கோ ஊர்ப் பெயரே தேவையில்லை, தபால் இலக்கம் போதும். "கொழும்பு எத்தனை?" என்பா. கோட்டை 1, கறுவாத்தோட்டம் 7, கொட்டாஞ்சேனை 13 என்று மட்டக்குளி 15 வரைக்கும் அவவுக்கு மனப்பாடம். வெள்ளவத்தை 6 என்றால் ஃபோனுக்குள்ளேயே முகம் மலர்வது தெரியும். வத்தளை என்று அம்மா சொன்னபோது மறுமுனையில் மௌனம். களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதுவும் கம்பஹா மாவட்டம் என்று தெரிந்ததும் அம்மாவே அந்த ஊரைக் கைவிட்டா. "ஆத்தைத் தாண்டிப் போறதெண்டா நான் கோண்டாவிலிலேயே இருக்கிறன்."

இவர் உணர்ச்சிவசப்படாத ஆள். எக்செலில் ஒரு அட்டவணை போட்டார். வாடகை, பஸ், வெள்ளம், பள்ளிக்கூடம், கோயில் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அம்மா எட்டிப் பார்த்து, "முருங்கைக்காய்" என்று ஒரு நிரல் சேர்க்கச் சொன்னா. சிரிக்காதீர்கள், அதில் விஷயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற இரவு பஸ்கள் விடியற்காலையில் வெள்ளவத்தையில் ஆட்களை இறக்கும்போது ஊர்ப் பார்சல்களும் இறங்கும். முருங்கைக்காய், ஒடியல் மா, மிளகாய்த்தூள், யாராவது கொடுத்துவிட்ட பலகாரம். பார்சல் இறங்குகிற இடத்துக்கு ஓட்டோவில் எவ்வளவு நேரம் என்பது அம்மாவுக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதைவிட முக்கியம்.

பெரிய தலையிடி மகனின் முதலாம் வகுப்பு. அரச பாடசாலைகளில் 50 வீதமான இடம் கிட்ட இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு. 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் ஏற்கெனவே அங்கே படிக்கிற பிள்ளைகளின் சகோதரங்களுக்கு. நாங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் படித்த ஆட்கள், ஆகவே 25 போச்சு. மகளுக்கே இன்னும் பள்ளிக்கூடம் இல்லை, 15ம் போச்சு. மிச்சம் இருப்பது 'கிட்ட இருக்கிறவர்கள்'. அதை நிரூபிக்கத் தேர்தல் இடாப்பில் முன்னைய வருஷங்களின் பதிவு, வீட்டு உறுதி, கரண்ட் பில் என்று காட்டக் காட்டத்தான் புள்ளி. எங்கள் பெயர் இருந்ததெல்லாம் கோண்டாவில் இடாப்பில்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாம் கேட்கிற பள்ளிக்கூடத்தைவிடக் கிட்ட வேறு அரச பள்ளிக்கூடம் இருந்தால் புள்ளி வெட்டு. அதனால் புரோக்கர் "சுத்திவர ஸ்கூல்தான் மேடம்" என்று பெருமையாகச் சொல்லும் போதெல்லாம் இவர் முகம் கறுத்தது. அவர் தேடியது நல்ல பள்ளிக்கூடம் ஒன்று மட்டும் பக்கத்தில் இருந்து, மற்ற எல்லாம் தள்ளிப் போய்விட்ட ஒரு வீடு. இரவிரவாகக் கூகுள் வரைபடத்தில் கோடு இழுத்தார். கதவில் இருந்து அளந்தால் ஒரு பள்ளிக்கூடம் கிட்ட, கேற்றில் இருந்து அளந்தால் மற்றது கிட்ட. கடைசியில் அது எப்படி முடிந்தது என்பது தனிப் பதிவு. அதிபர், கிராம சேவகர், எக்செல் என்று மூன்று பாகம் வரும்.

புரோக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கொழும்பில் எல்லாமே ஐந்து நிமிஷம். காலி வீதிக்கு ஐந்து நிமிஷம், ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷம், கடலுக்கு ஐந்து நிமிஷம். அதோடு 'போர்டர்' என்று ஒன்று வைத்திருந்தார். தெஹிவளை என்றால் வெள்ளவத்தை போர்டர். கொஹுவல என்றால் நுகேகொட போர்டர். வாடகை மட்டும் போர்டருக்கு உள்ளே நிற்கும். "ஃபெமிலிக்கு சுப்பர் ஏரியா மேடம்" என்பதை எந்த வீட்டு வாசலிலும் சொல்வார். வாசலில் சாராயத் தவறணை இருந்த வீட்டுக்கும் சொன்னார். பின்னேரத்தில் கலகலப்பாக இருக்குமாம்.

முதலில் வெள்ளவத்தை, கடல் பக்கம். தொடர்மாடியின் மேல்தளம். பல்கனியில் நின்றால் மெரைன் டிரைவ், தண்டவாளம், அதற்கப்பால் முழுக்கக் கடல். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பல்கனிக் கிறிலைப் பிடித்தேன், கை முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. இரண்டு வருஷத்துக்கு முன்தான் பெயின்ற் அடித்ததாம். கேஸ் அடுப்பின் கால், கதவுப் பிணைச்சல், ஃபேன் மூடி என்று கண்பட்ட இடமெல்லாம் உப்புக் காற்று தின்ற அடையாளம். வீட்டுக்கார அன்ரி அதைப் பார்த்தும் பாராதமாதிரி விசாரணையைத் தொடங்கினா.

"பிள்ளை ஊரில எவடம்?"

"கோண்டாவில் அன்ரி."

"கோண்டாவிலில எவடம்?"

"டிப்போவுக்குக் கிட்ட."

"டிப்போவுக்குக் கிட்ட ஆற்ற..."

அன்ரி கையைத் தூக்கினா. நான் என்னவோ ஏதோ என்று நின்றேன். கீழே தெற்கு நோக்கி ரெயின் ஒன்று தடதடவென்று போயிற்று. யன்னல் கண்ணாடி நடுங்கியது, ஷோகேஸுக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று கதைத்தன. அன்ரியின் கை அப்படியே உயரத்தில். கடைசிப் பெட்டியும் போனது, கை இறங்கியது.

"...மகள்?" என்று விட்ட இடத்தில் இருந்து பிடித்தா.

அம்மா வம்சாவளியை ஒப்புவித்தா. இரண்டு தலைமுறை தாண்டி ஒரு கலியாண வீட்டில் முடிச்சுப் போட்டு, அன்ரி தூரத்து உறவு என்று கண்டுபிடித்தாயிற்று. தேத்தண்ணி வந்தது. வாடகை ஒரு லட்சத்துக்கு மேல், ஒரு வருஷ முற்பணம், உறவு என்றபடியால் குறைக்கவில்லையாம், கூட்டவில்லையாம். பிறகுதான் அந்தக் கேள்வி.

"பிள்ளையள் எத்தினை?"

"ரெண்டு பேர்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. "ஓடுவினமோ?"

"நடப்பினம் அன்ரி. இடைக்கிடை ஓடுவினம்."

"சுவரில கீறுவினமோ? பந்தடிப்பினமோ? கீழ் வீட்டில டொக்டர் இருக்கிறார், பின்னேரத்தில நித்திரை கொள்ளுறவர். எங்களுக்கு நல்ல குடும்பமாத்தான் வேணும். ஆனா பிள்ளையள் இல்லாத குடும்பம் எண்டா நல்லம்."

மீன் பொரிக்கக் கூடாது, இரவு ஒன்பதுக்குப் பிறகு கேற் திறக்க மாட்டினம், ஆட்கள் வந்து தங்கக் கூடாது என்று பட்டியல் தொடர்ந்தது. லிஃப்டில் இறங்கும்போது அம்மா கேட்டா: "நாங்கள் வீடு பாக்க வந்தனாங்களோ, அவ மாப்பிள்ளை பாக்க வந்தவவோ?"

அந்த அன்ரி மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகிற இடமெல்லாம் இதே கதை. விளம்பரத்தில் 'சிறு குடும்பத்துக்கு ஏற்றது' என்று இருக்கும். போய்ப் பார்த்தால் அவர்கள் மனதில் இருக்கிற சிறு குடும்பம் ஒரு வயதுபோன தம்பதி, இரண்டு பேருக்கும் காது கேட்காது, அதுவும் வருஷத்தில் பாதி நாள் அவுஸ்திரேலியாவில் மகனோடு. நாங்கள் குடும்பத்துக்கு ஏற்ற இடம் தேடினோம், இடங்கள் தமக்கேற்ற குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தன. நுகேகொடைப் பக்கம் ஓய்வுபெற்ற சிங்களத் தம்பதி ஒன்று எங்கள் பிள்ளைகளைக் கண்டதும் விஸ்கோத்து கொடுத்து, மடியில் வைத்து, அப்படிக் கொஞ்சினார்கள். ஆனால் அனெக்ஸுக்கு ஏறுகிற வழி சுருள் இரும்புப் படி. அம்மாவின் முழங்கால் அதை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அலுவலகத்துக்குக் கிட்ட, வாடகையும் பாதி என்று புரோக்கர் கொலன்னாவைப் பக்கம் ஒரு வீடு காட்டினார். பெரிய ஹோல், முற்றம், மாமரம்கூட இருந்தது. நான் அரைவாசி சம்மதித்தாயிற்று. இவர்தான் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். எல்லா அறையிலும் கழுத்து உயரம் வரைக்கும் கடும் நீலம், அதற்கு மேல் மஞ்சள்.

"இது என்ன கலர்?"

"மொடர்ன் டிசைன் மேடம். இப்ப எல்லாரும் ரெண்டு கலர்தான்."

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. 2016 மே மாத வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கையால் கழுத்தைத் தொட்டுக் காட்டினா. மகன் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு விரலை வைத்து, தன் உயரத்தையும் பார்த்து, "அப்ப நான் முழுக்க உள்ளுக்க" என்றான். எக்செலில் வெள்ளம் என்ற நிரலுக்கு இவர் அன்றைக்குத்தான் அழுத்தமான சிவப்பு நிறம் கொடுத்தார்.

தெஹிவளை வீடு புரோக்கர் காட்டியதல்ல. என்னோடு வேலை செய்கிற ஒருவரின் அயலவர். மிருகக்காட்சிச்சாலைக்குப் பின்பக்கம் ஒரு ஒழுங்கை, மேல்மாடி, சாதாரணப் படி. கீழே ஓய்வுபெற்ற முஸ்லிம் ரீச்சர் தனியாக இருக்கிறா. வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகும். காலி வீதி உண்மையாகவே நடக்கிற தூரம், வெள்ளவத்தைப் பார்சல் ஓட்டோவில் கொஞ்ச நேரம். 176 பஸ் பக்கத்துக் கரகம்பிட்டியில் இருந்து வெளிக்கிட்டு நுகேகொட, நாவல பக்கமாக ராஜகிரியவைத் தொட்டுப் போகிறது. பஸ் புறப்படுகிற இடத்திலேயே ஏறினால் சீற் கிடைக்கும் என்பதன் அருமை, காலை ஏழரைக்கு நாவலையில் ஒற்றைக் காலில் தொங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும்.

எல்லாம் சரியாக இருக்க எனக்குப் பயம் வந்துவிட்டது. ரீச்சர் கேட்கப் போகிறா என்று காத்திருந்தேன். கேட்டா.

"புள்ளைகள் எத்தன பேர் மகள்?"

"ரெண்டு பேர் ரீச்சர்." இனி ஒளித்து என்ன பயன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "ஓடுவினம். கத்துவினம். மகன் பந்தடிப்பான். மகள் வயலின் பழகத் தொடங்கியிருக்கிறாள்."

கடைசியாகச் சொன்னதில் அம்மாவே தலையைக் குனிந்துகொண்டா. ரீச்சர் பதில் சொல்லவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்து ஒரு கர்ஜனை கிளம்பியது. முதலில் ஏதோ லொறி என்றுதான் நினைத்தேன். அடுத்தது இன்னும் அழுத்தமாக, வயிற்றுக்குள் இறங்குகிற மாதிரி. சிங்கம்! அதைத் தொடர்ந்து ஏதோ பறவைகள் கூட்டாகச் சண்டை பிடித்தன. மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றான்.

ரீச்சர் நிதானமாகச் சொன்னா: "1936லேருந்து இங்க இந்தச் சத்தம்தான். ஒங்கட புள்ளைகள் இதுக்கு மேலயா கத்தப் போறாங்க?"

அடுத்த கிழமையே சாமான் வந்து இறங்கியது. கனடாப் பெரியம்மாவுக்கு இலக்கம் இல்லாதது கவலைதான். தெஹிவளை என்பது கொழும்பு மாநகர சபைக்குள்ளேயே வராது, அதற்குத் தனி மாநகர சபை என்று இவர் விளக்கப்போய் இன்னும் கெடுத்துவிட்டார். மகள் வயலினை எடுக்கும் நேரமும் சிங்கம் வாய் திறக்கும் நேரமும் அனேகமாக ஒன்றாக அமைகின்றன. யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதில் வீட்டுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ரீச்சர் சிங்கத்தின் பக்கம்.

ஆட்கள் வந்து தங்கக் கூடாது என்று ரீச்சர் சொல்லவில்லை. அதை அம்மா ஊரில் எத்தனை பேரிடம் சொல்லி வைத்தாவோ தெரியாது. மிருகக்காட்சிச்சாலைக்கு நடந்து போகலாம் என்ற செய்தி கோண்டாவில் தாண்டி இணுவில் வரை போய்விட்டது. வெள்ளவத்தையை விட்டால் மனுசர் இருக்க முடியாது என்ற மாமாகூட, லண்டனில் இருந்து வருகிற பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடி வசதிப்படுமா என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூட விடுமுறைக்கு இரண்டு குடும்பம் வருகிறதாம், பின்னால் மூன்றாவதும் யோசிக்கிறதாம். இவர் எக்செலில் புதிதாக ஒரு தாள் திறந்து யார் எந்த அறையில் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். நான் பின்னேரம் காலி வீதிக்குப் போய்ப் பாய் வாங்க வேண்டும்.